முதுகைத் தேடித் தலையைப் பார்த்த நாள்

அக்கா மகள் பிறந்தபோது அவளுடைய முதுகில், இடுப்புக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவில் ஒரு நீர்ப்பை இருந்தது. அந்த இடத்தில் தோல் இல்லை. கண்ணாடித்தாள் போல மெல்லிய சவ்வு, அதற்குள் நரம்புகள். பிரசவ அறையில் அந்த நேரம் வரை இருந்த பேச்சும் சத்தமும் சட்டென்று நின்றுபோனதைத்தான் அக்கா முதலில் சொல்வாள். "குழந்தை அழுதுச்சு. வேற யாருமே பேசல" என்பாள்.

அந்த மருத்துவமனையில் குழந்தைகளின் நரம்புக்கு அறுவை செய்பவர் இல்லை. ஈரத்துணியால் முதுகை மூடி, குப்புறப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸில் வேறிடம் கொண்டுபோனார்கள். அக்கா பிரசவக் கட்டிலில், குழந்தை எங்கோ. மகளை அக்கா முதன்முதலாக மடியில் வாங்கியது ஆறாம் நாள். அதற்குள் முதுகு மூடப்பட்டிருந்தது. மூன்றாவது வாரம் தலையில் நீர் சேர, ஷன்ட் வைத்தார்கள். தலையிலிருந்து வயிற்றுக்குள் நீரை வடிக்கும் மெல்லிய குழாய் அது. இன்றைக்கு அவளுக்கு ஒன்பது வயது. கணுக்காலுக்கு பிரேஸ் போட்டுக்கொண்டு நடக்கிறாள். நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை தானே டியூப் போட்டுச் சிறுநீர் எடுக்கப் பழகிவிட்டாள். சதுரங்கத்தில் என்னைத் தோற்கடிக்கிறாள்.

முதுகெலும்பும் தண்டுவடமும் முழுதாக மூடாமல் போகும் இந்தக் குறையின் பெயர் ஸ்பைனா பிஃபிடா. அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். அக்காவுக்குக் கர்ப்ப காலத்தில் ஸ்கேன் எடுக்காமல் இல்லை. எட்டாவது வாரம் இதயத்துடிப்பு பார்க்க ஒன்று, முப்பத்து நான்காவது வாரம் எடையும் நீரும் பார்க்க ஒன்று. இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை. முதுகு எந்த வாரங்களில் தன்னைக் காட்டிக்கொடுக்குமோ, அந்த வாரங்கள் முழுக்க வெறுமையாகப் போயிருந்தன.

ஆகவே நான் கருவுறப் போகிறேன் என்று முடிவெடுத்தபோது, கணவருக்கு அடுத்தபடியாக அக்காவிடம்தான் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை ஆரம்பிச்சிட்டியா?"

ஃபோலிக் அமிலத்தைத்தான் கேட்டாள். கர்ப்பம் உறுதியான பிறகு கொடுக்கும் சத்து மாத்திரைகளில் ஒன்று என்றே நான் நினைத்திருந்தேன். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது எவ்வளவு தாமதம் என்று புரியும். மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு தட்டையான ஏடு போல இருக்கின்றன. அந்த ஏட்டின் இரு ஓரங்களும் எழும்பி, ஒன்றையொன்று தொட்டு, ஒட்டிக் குழாயாகின்றன. கருவுற்றதிலிருந்து ஏறக்குறைய 28 நாளில் இந்த வேலை முடிந்துவிடுகிறது. கடைசி மாதவிடாயிலிருந்து வாரம் எண்ணும் வழக்கப்படி அது ஆறாவது வாரம். மாதவிடாய் தள்ளிப்போய், சந்தேகப்பட்டு, வீட்டில் சோதித்து, மருத்துவரைப் பார்க்க நாள் வாங்கி, போய் உட்காரும்போது குழாய் மூடியிருக்கும், அல்லது மூடாமல் விட்டிருக்கும். மாத்திரை அதற்கு முன்பே உடம்பில் இருந்தாக வேண்டும்.

1991ல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றுதான் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியது. ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தையைச் சுமந்த பெண்கள், மீண்டும் கருவுறும் முன்பிருந்தே நாளுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தபோது, குறை திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். பொதுவாக எல்லாப் பெண்களுக்கும் சொல்லப்படும் அளவு நாளுக்கு 400 மைக்ரோகிராம். குடும்பத்தில் இந்தக் குறை இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ, வால்ப்ரோயேட் போன்ற வலிப்பு மருந்து எடுத்தாலோ, கூடுதல் அளவு வேண்டுமா என்று கருவுறும் முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும். நான் கேட்டேன். மூன்று மாதம் மாத்திரை எடுத்த பிறகே கருவுற்றேன். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 72 என்பது 100 அல்ல. எல்லாம் சரியாகச் செய்த தாய்க்கும் இது நேரலாம். அக்கா தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டு கழித்த இரவுகள் எனக்குத் தெரியும்.

பன்னிரண்டாவது வாரம் என்.டி. ஸ்கேன், குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீர்த்தடிமனை அளப்பது. குழந்தை தலையிலிருந்து பிட்டம் வரை 61 மில்லிமீட்டர், என் சுண்டுவிரலைவிடச் சற்றுப் பெரிது. காலை உதைத்தது, கையை முகத்துக்குக் கொண்டுபோனது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. மருத்துவர் மட்டும் வயிற்றின் மேல் கருவியை அழுத்தியபடி திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். இருமச் சொன்னார். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொன்னார்.

"பேபி பொசிஷன் சரியில்லை. தலைக்குப் பின்பக்கம் தெளிவா வரல. ஒரு வாரம் கழிச்சு வந்து இன்னொரு தடவை பார்த்துக்கோங்க."

அவ்வளவுதான் சொன்னார். வெளியே நீண்ட வரிசை. கையில் கொடுத்த தாளில், மற்ற வரிகளுக்கு நடுவே, "நான்காவது அறை சரிவரக் காண இயலவில்லை" என்று ஒரு வரி. மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் அறைகளில் நான்காவது. நான் கேட்க வந்ததோ முதுகைப் பற்றி. முதுகு பற்றித் தாளில் "இந்த வாரத்துக்கு இயன்ற அளவு பார்க்கப்பட்டது" என்றுதான் இருந்தது. ஒரு கணம் நிம்மதிகூட வந்தது எனக்கு. முதுகு பார்த்துவிட்டார்கள், சிக்கல் வேறெங்கோ தலையில் என்று நினைத்துக்கொண்டேன். அன்று இரவு படிக்க உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த வரியே முதுகைப் பற்றியதுதான் என்று.

இது புரிவதற்கு எனக்கு ஒரு முழு இரவு ஆனது. மற்றவர்களுக்கு ஆக வேண்டாம் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பன்னிரண்டு வாரக் குழந்தையின் முதுகெலும்பு மிகச் சிறியது. எலும்பாக இறுகுவதே அப்போதுதான் தொடங்கியிருக்கும். அதில் ஒரு சிறு திறப்பை நேரடியாகக் கண்டுபிடிப்பது தேர்ந்த கண்ணுக்கும் கடினம். ஆனால் திறந்த முதுகு சும்மா இருப்பதில்லை. அது கசிகிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீர் ஒரே தொடர்ச்சி. கீழே ஓட்டை விழுந்தால் மேலே அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்ததும் மூளையின் பின்பகுதி கீழ்நோக்கிச் சரிகிறது. மண்டையோட்டின் பின்புறம் வழக்கமாக நீர் நிற்கும் இடைவெளிகள் நசுங்கிப்போகின்றன. முதுகில் நடந்ததற்குத் தலை சாட்சி சொல்கிறது.

இந்தக் கசிவைப் பிடிப்பதுதான் கடந்த ஐம்பது ஆண்டுகளின் கதை என்று எனக்குத் தோன்றுகிறது. 1972ல் எடின்பரோவில் பிராக், சட்கிளிஃப் என்ற இருவர், குறைபாடுள்ள குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிக்குட நீரில் ஆல்ஃபா ஃபீட்டோ புரதம் மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள். குழந்தையின் கல்லீரலில் உருவாகும் புரதம் அது. மூடாத முதுகின் வழியாக வெளியே கசிகிறது. பிறகு, தாயின் இரத்தத்திலேயே அதை 16 முதல் 18 வாரங்களில் அளக்கலாம் என்று ஆனது. ஆனால் இரட்டைக் குழந்தை என்றாலும் அது கூடும், வாரக் கணக்கு தவறினாலும் கூடியதாகத் தோன்றும், வயிற்றுச் சுவர் மூடாமல் இருந்தாலும் கூடும். கசிகிறது என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது.

அதே 1972ல் ஸ்டூவர்ட் கேம்ப்பெல் மண்டையோடு உருவாகாத ஒரு கருவை அல்ட்ராசவுண்டில் கண்டறிந்து எழுதினார். 1986ல் அவரும் கிப்ரோஸ் நிக்கோலைட்ஸும் மற்றவர்களும் சேர்ந்து இரண்டு அடையாளங்களைச் சொன்னார்கள். நடுக்கர்ப்பத்தில், திறந்த முதுகுள்ள குழந்தையின் நெற்றி எலும்பு இருபுறமும் உள்வாங்கி, தலையின் குறுக்குவெட்டு எலுமிச்சம்பழ வடிவில் தெரிகிறது. சிறுமூளையோ கீழே இழுபட்டு, வாழைப்பழம் போல வளைந்து தெரிகிறது. உலகம் முழுக்க ஸ்கேன் அறைகளில் இன்றும் இவை பழத்தின் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. எலுமிச்சை அடையாளம் கர்ப்பம் முற்ற முற்ற மறைந்துவிடக்கூடியது என்பதைப் படித்தபோது அக்காவின் முப்பத்து நான்காவது வார ஸ்கேன் நினைவுக்கு வந்தது. தலையில் தெரிய வேண்டிய ஒரு தடயம் அதற்குள் அழிந்திருக்கலாம். குழந்தையும் முதுகை என் அக்காவின் முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்திருக்கிறது.

பன்னிரண்டாவது வாரத்துக்கு இது இறங்கி வந்தது 2009ல். பெர்லினைச் சேர்ந்த ராபிஹ் சாவூயியும் உடன் பணியாற்றியவர்களும் ஒன்றைக் கவனித்தார்கள். டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பைக் கணக்கிடக் குழந்தையின் முகத்தைப் பக்கவாட்டில், சரியாக நடுக்கோட்டில் பிடித்து, கழுத்துக்குப் பின்னால் உள்ள நீர்த்தடிமனை எப்படியும் அளக்கிறார்கள். அதே படத்தில், அதே வெட்டில், மூளைத்தண்டுக்குப் பின்னால் இன்னொரு கறுப்புக் கீற்று தெரிகிறது. அதுதான் நான்காவது அறை. திறந்த முதுகுள்ள குழந்தைகளில் அந்தக் கீற்று நசுங்கிக் காணாமல் போயிருந்தது. புதுக் கருவி வேண்டாம், தனி ஸ்கேன் வேண்டாம், ஏற்கெனவே எடுக்கும் படத்தை இன்னும் சில மில்லிமீட்டர் தள்ளிப் பார்த்தால் போதும். எனக்கு இதில் பெரிய வியப்பு உண்டு. எத்தனை ஆண்டுகள் அந்தக் கீற்று எல்லோர் கண் முன்னாலும் இருந்திருக்கும்!

அதன் பிறகு இன்னும் சில அளவுகள் வந்தன. மூளைத்தண்டின் தடிமனை, அதற்கும் பின்மண்டை எலும்புக்கும் உள்ள தூரத்தோடு ஒப்பிடுவது ஒன்று. இயல்பான குழந்தையில் தண்டு மெல்லியது, பின்னால் இடம் தாராளம். திறந்த முதுகில் தண்டு தடித்து, பின்னுள்ள இடம் சுருங்கி, விகிதம் தலைகீழாகிறது. ஆனால் ஒன்றை விட்டுவிடக் கூடாது. தோல் மூடிய வகை ஸ்பைனா பிஃபிடா கசிவதில்லை. அதை இந்த அடையாளம் எதுவும் காட்டாது. திறந்ததிலும் பன்னிரண்டாவது வாரத்தில் தப்பிவிடுகிற குழந்தைகள் உண்டு. இது சல்லடை. சல்லடையில் தங்கியதெல்லாம் கல் இல்லை, தங்காமல் விழுந்ததெல்லாம் அரிசியும் இல்லை. பதினெட்டு முதல் இருபத்திரண்டாவது வாரத்துக்குள், உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் அனாமலி ஸ்கேனை, "முதல் ஸ்கேனில் எல்லாம் சரி என்றார்களே" என்று சொல்லி யாரும் தவிர்த்துவிடக் கூடாது.

அந்த ஒரு வாரம் எனக்கு நகரவில்லை. கணவர் ஆறுதலாக ஏதாவது சொல்வார், பாதியில் நிறுத்திவிடுவார். அம்மாவிடம் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்லவும் தயங்கினேன். என் பயம் அவள் மகளைப் பார்த்து வரும் பயம் என்று அவளுக்குப் பட்டுவிடுமே என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை நான் இன்னும் முழுதாகக் கடக்கவில்லை.

அவளாகவே வந்தாள். தாளை வாங்கிப் படித்தாள். ஒன்பது வருடத்தில் அவளுக்கு இந்த மொழி பழகியிருந்தது.

"இதுல 'இல்லை'ன்னு போடலடி. 'தெரியல'ன்னுதான் போட்டிருக்கு. ரெண்டும் வேற" என்றாள்.

பிறகு நான் கேட்கத் துணியாத கேள்விக்கும் அவளே பதில் சொன்னாள். "எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு நிறைய பேர் கேட்டிருக்காங்க. இவளைப் பெத்திருப்பேன். ஆனா இப்படிப் பெத்திருக்க மாட்டேன். டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரில, முதுகு அழுந்தாம, அன்னைக்கே தைக்கிற மாதிரி பெத்திருப்பேன். அவ பிறந்த அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே தெரியாது. எல்லாரும் என்னைப் பார்க்கிறாங்க, நான் எதைப் பார்க்கணும்னுகூட எனக்குத் தெரியல."

இந்தச் சோதனையைப் பற்றிப் பேசும்போது, கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்ற ஒரே கேள்விக்காகவே அது இருப்பது போலப் பேசுகிறார்கள். அந்தக் கேள்வி உண்மையானது. தொடர வேண்டாம் என்று முடிவெடுக்கும் தம்பதிகள் உண்டு. அந்தத் துயரத்தின் எடையை வெளியிலிருந்து அளக்க யாருக்கும் உரிமை இல்லை. சீக்கிரம் தெரிந்தால் அந்த முடிவையும் அவசரமில்லாமல் எடுக்க முடியும். ஆனால் அது ஒன்று மட்டும் இல்லை. 2011ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வின் முடிவு வந்தது. 26 வாரம் நிறைவதற்குள், கருப்பையைத் திறந்து, குழந்தையின் முதுகை உள்ளேயே மூடினார்கள். பிறந்த பிறகு மூடிய குழந்தைகளில் 82 சதவீதத்தினருக்கு ஒரு வயதுக்குள் ஷன்ட் தேவைப்பட்டது. உள்ளேயே மூடியவர்களில் அது 40 சதவீதம். இரண்டரை வயதில் துணையின்றி நடந்தவர்கள் 21 சதவீதம் என்பது 42 ஆக உயர்ந்தது. விலையில்லாமல் கிடைத்த பலன் அல்ல இது. உள்ளே மூடப்பட்ட குழந்தைகள் சராசரியாக 34 வாரத்திலேயே பிறந்துவிட்டார்கள். தாயின் கருப்பையில் விழும் தழும்பு அடுத்தடுத்த கர்ப்பங்களிலும் ஆபத்து தரக்கூடியது. எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தாது, எல்லா இடத்திலும் கிடைக்காது. இருந்தாலும், அதற்கான வாசல் 26 வாரத்தோடு மூடிவிடுகிறது. இருபத்தோராம் வாரம் செய்தி தெரிந்தவர்களுக்கு, அதிர்ச்சியிலிருந்து எழுந்து, நிபுணர்களைப் பார்த்து, மரபணுச் சோதனை செய்து, எம்.ஆர்.ஐ. எடுத்து, முடிவு செய்ய ஐந்து வாரம்கூட இல்லை. பதின்மூன்றாம் வாரம் ஐயம் எழுந்தவர்களுக்கு அதே வேலைகளைச் செய்ய மூன்று மாதம் இருக்கிறது.

அடுத்த வாரம் வேறொரு மருத்துவரிடம் போனேன். வயதானவர், மெதுவாகப் பேசுபவர். என் கருப்பை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் வயிற்றின் மேலிருந்து படம் தெளிவாக வராது, உள்வழியாகப் பார்த்துவிடலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். தொடங்கும் முன் ஒரு தாளை எடுத்து, பேனாவால் நான்கு கோடுகள் இழுத்தார். "முன்னாடி இது எலும்பு. அடுத்தது மூளைத்தண்டு. அடுத்து ஒரு கறுப்பு இடம், அதுதான் நான்காவது அறை. அதுக்கும் பின்னாடி இன்னொரு நீர் இடம், கடைசியா பின்மண்டை எலும்பு. இன்னைக்கு நாம தேடுறது இந்த ரெண்டு கறுப்பு. தெரிஞ்சா நல்லது. தெரியலைன்னா அதுக்கு என்ன அர்த்தம், அடுத்து என்ன பார்க்கணும்னு இங்கேயே உட்கார்ந்து பேசுவோம். சரியாம்மா?"

குழந்தை பத்து நிமிடம் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கியது. அவர் அவசரப்படவில்லை. பிறகு அது மெல்லத் திரும்பி மல்லாந்தது. மூக்கு, உதடு, தாடை, எல்லாம் ஒரு கோட்டில் வந்து நின்றன. அவர் படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, திரையில் விரலை வைத்தார். தாளில் வரைந்தது அப்படியே அங்கே இருந்தது. வெள்ளை, சாம்பல், கறுப்பு. ஒரு மெல்லிய கறுப்பு, பூசணி விதையை நெட்டாக நிறுத்தியது போல.

நான் அழுததைப் பார்த்து, "அழுங்க, பரவாயில்லை. ஆனா இது முழுச் சான்றிதழ் இல்லை. இருபதாவது வாரம் கண்டிப்பா வரணும்" என்றார்.

முதல் மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. அவர் கண் சரியாகத்தான் வேலை செய்தது. தெளிவில்லாததைத் தெளிவு என்று எழுதாமல், திரும்பப் பார்க்கச் சொன்னார். எனக்குக் கிடைக்காமல் போனது இரண்டு வாக்கியங்கள்தான். எதைப் பார்க்க முயன்றார், அது தெரியாததற்குக் குழந்தை கிடந்த கோணம் காரணமா அல்லது வேறு ஐயம் இருக்கிறதா. இந்த இரண்டையும் சொல்ல அரை நிமிடம் ஆகும். சொல்லாமல் விட்டதால் எனக்கு ஏழு இரவுகள் ஆயின. இப்போது தோழிகள் யாராவது பன்னிரண்டாவது வார ஸ்கேனுக்குப் போகிறேன் என்றால், படுக்கையில் படுப்பதற்கு முன்பே கேட்டுவிடச் சொல்கிறேன்: தலையின் பின்பகுதியையும் பார்ப்பீர்களா, தெரியாவிட்டால் காரணத்தைச் சொல்வீர்களா என்று. கேட்டால் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

இருபதாவது வாரம் அக்காவும் உடன் வந்தாள். நான் கூப்பிடவில்லை, அவளே கிளம்பி வந்தாள். முதலில் தலை. நெற்றி உருண்டையாக இருந்தது, உள்வாங்கவில்லை. சிறுமூளையின் இரு பாதிகளும் தனித்தனியாக, பருத்து, இயல்பான வடிவில் தெரிந்தன. குறுக்களவு 20 மில்லிமீட்டர், அதன் பின்னால் நீர் நிற்கும் இடம் 5. பிறகு முதுகு. கழுத்திலிருந்து தொடங்கி, இரண்டு வரிசை வெள்ளைப் புள்ளிகள், கோர்த்த மணிபோல, நெஞ்சைத் தாண்டி, வயிற்றைத் தாண்டி இறங்கின. மருத்துவர் நெடுக்காக ஒருமுறை பார்த்தார். குறுக்காக ஒவ்வொரு எலும்பாக வெட்டிக்கொண்டே வந்தார். அதன் மேல் தோலின் கோடு விட்டுப்போகாமல் ஓடுகிறதா என்று தனியாகப் பார்த்தார்.

இடுப்பைத் தாண்டி, வால் நுனியில் இரு வரிசைகளும் குறுகிச் சேர்ந்தன. "முதுகு நல்லா மூடியிருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் இதயத்துக்குப் போகக் கருவியை எடுத்தார்.

அக்கா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. என் தலைமாட்டில் நின்றபடி, திரையில் இடுப்புக்குச் சற்றுக் கீழே ஒரு இடத்தைக் காட்டி, "டாக்டர், அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை காட்டுங்களேன்" என்றாள்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. திரும்பப் போனார். படத்தை நிறுத்தினார். அக்கா குனிந்து, நான் இதுவரை பார்த்திராத ஒரு முகத்தோடு, மூடியிருந்த அந்த இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.